போயிட்டு வரோம் ஆன்ட்டி

போன வாரம் பிளானோவிலிருந்து ஜெயந்தி போன் செய்தாள். ஜெர்சி சிட்டியில் நான் வீட்டிலேயே டேகேர் நடத்தியபோது கொஞ்ச காலம் எனக்கு உதவியாக இருந்தவள். கணவனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்துப் போனவள், இப்போது தன் வீட்டிலும் ஒரு டேகேர் ஆரம்பிக்கப் போகிறாளாம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். "குழந்தையை நிறுத்துறதா இருந்தா நாலு வாரம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்னு போட்டிருக்கேன் ஆன்ட்டி. நம்ம லீவு நாளுக்கும் ஃபீஸ் உண்டுன்னு போட்டிருக்கேன். இன்னும் என்ன போட்டா ஒழுங்கா நடந்துப்பாங்க?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது குரலிலேயே தெரிந்தது. எதைப் போட்டாலும் ஒன்றும் நடக்காது என்று, தொழில் தொடங்கும் பெண்ணிடம் சொல்லக் கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில் வந்தது இதுதான். இதனால் அவளுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் வேலூர்க்காரி. என் வீட்டுக்காரரின் அண்ணன் ஸ்பான்சர் செய்து, நாற்பதை ஒட்டிய வயதில் இந்த ஊருக்கு வந்தோம். நான் படித்த பி.காம். இங்கே எதற்கும் உதவவில்லை. நியூபோர்ட் பக்கம் ஒரு டேகேரில் உதவியாளாகச் சேர்ந்தேன். டயப்பர் மாற்றினேன், சோறு ஊட்டினேன், மூக்கைத் துடைத்தேன், தூங்க வைத்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. முதுகு வலித்தது, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது அந்த இடத்தை நடத்திய நூர்ஜஹான் மேடத்தைப் பற்றி.

மேடம் கீழக்கரைக்காரர். எப்போதும் வெளிர் நிறத் தலைத்துணி, சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மாலையில் குழந்தையைக் கூட்டிப் போக வரும் தகப்பனோ தாயோ, வாசலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து எங்களுக்குக் கொஞ்சம் வேற பிளான் இருக்கு மேடம்" என்று இழுத்தால், அவர் காதிலேயே வாங்க மாட்டார். "உள்ள வாங்க. உக்காந்து சொல்லுங்க" என்பார். உள்ளே பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் பெரிய பேங்குகளில் வேலை பார்ப்பவர்கள், முழங்கால் மோவாயில் இடிக்க அதில் உட்காருவார்கள். மேடமும் எதிரே அதே மாதிரி ஒன்றில் உட்கார்ந்துகொள்வார்.

"கடைசி நாள் எது?" என்று கேட்பார்.

நம் ஆட்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசும்போது கடைசி நாள் என்று எந்தத் தாய் சொல்வாள்? மாச முடிவோட, ஸ்கூல் திறக்கறப்போ, என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். மேடம் அவசரப்படாமல் காத்திருப்பார். கடைசி நாள் இன்னது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். ஒருத்தி அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டாள். ஒரு வார்த்தைக்காக மனுஷர்களை இப்படிப் பாடாய்ப் படுத்த வேண்டுமா, கல் நெஞ்சுக்காரி என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"நோட்டீஸ் எனக்கா கேக்குறேன் விஜயா?" என்றார். "எனக்கு நாளைக்கே வேற பிள்ளை வந்துரும். அது அந்தப் பிள்ளைக்கு வேணும்மா. நாள் தெரிஞ்சாத்தானே நம்ம பிள்ளைகிட்ட சொல்ல முடியும்."

சொல்வதற்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் கோட்டு மாட்ட ஒரு கொக்கி உண்டு. கொக்கிக்கு மேலே சுவரில் அந்தக் குழந்தையின் போட்டோ ஒட்டியிருக்கும். நாள் தெரிந்த மறுநாளே குழந்தையின் கண்ணுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து, புது இடத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். அழுதால் அழ விடுவார். பேச்சை மாற்ற மாட்டார். அடுத்தடுத்த வாரங்களில் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் துணி, பொம்மை, தட்டு என்று ஒவ்வொன்றாகக் குழந்தையின் கையாலேயே பையில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார். கடைசி நாளன்று குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வோம். அது தன் போட்டோவைத் தானே உரித்து எடுக்கும். "இனிமே நீ இங்க வர மாட்டே. நான் இங்கயேதான் இருப்பேன். நீ நல்லா இருப்பே" என்று மேடம் சொல்வார். அப்படிப் போன குழந்தைகள் கதவைத் தாண்டும்போது அழுததில்லை. அழ வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே அழுது முடித்திருப்பார்கள்.

மேடம் அந்த இடத்தை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போன பிறகு, ஜர்னல் ஸ்கொயரில் தரைத்தள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நானே டேகேர் ஆரம்பித்தேன். முறையாகப் பதிவு செய்துகொண்டு, ஐந்து குழந்தைகளுக்கு மேல் எடுப்பதில்லை. மேடத்தின் ஒப்பந்தத்தையே நானும் வைத்துக்கொண்டேன். கொக்கிகளும் போட்டோக்களும்கூட அப்படியே. குட்டி நாற்காலிகளும் வாங்கிப் போட்டேன். ஆனால் பெற்றோரை அதில் உட்கார வைக்க மட்டும் என்னால் முடியவில்லை. அவர் மேடம். நான் ஆன்ட்டி. மேடத்திடம் நோட்டீஸ் கொடுக்கலாம். ஆன்ட்டியிடம் யார் நோட்டீஸ் கொடுப்பார்கள்? ஆன்ட்டி என்றால் சோபாவில் உட்கார வைத்துக் காபி கொடுக்க வேண்டும்.

லீவுச் சம்பளமும் அப்படித்தான். தேங்க்ஸ்கிவிங்குக்கும் கிறிஸ்துமஸுக்கும் நான் மூடினால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஆபீஸும் மூடியிருக்கும். தீபாவளிக்கு மூடினால்தான் பிரச்சினை. எங்க ஆபீஸே தீபாவளிக்கு லீவு தர்றதில்லையே ஆன்ட்டி, உங்களுக்கு மட்டும் எப்படி, என்பார்கள். அன்னிக்கு நீங்க வீட்லதானே இருப்பீங்க என்று ஒருவர் கேட்டார். டேகேரே என் வீட்டில்தான் நடக்கிறது, நான் வேறெங்கே போய் இருப்பது? முதல் நாள் சாயங்காலம் என்னிடமே தீபாவளி லேகியமும் முறுக்கும் வாங்கிக்கொண்டு போனவர், மறுநாளுக்கான ஃபீஸைக் கழித்துக்கொண்டு அனுப்பினார். நம் பண்டிகைக்கு மரியாதை அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

ஆதிரா ஐந்து மாதக் குழந்தையாக என்னிடம் வந்தாள். அம்மா ஸ்வேதா மாம்பலத்துப் பெண். அப்பா கார்த்திக் ஒரு பேங்கில் ஐ.டி. கான்ட்ராக்டர். இரண்டு பேரும் காலையில் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார்கள். அவள் குப்புற விழுந்ததும், முதல் பல் முளைத்ததும், எழுந்து நடந்ததும் என் வீட்டில்தான். அவளுக்கு நெற்றியில் விரலால் தடவிக்கொண்டே இருந்தால்தான் தூக்கம் வரும். பேச்சு வந்ததும், வீட்டுக்குக் கிளம்பும்போது "போறேன்" என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு, போயிட்டு வரேன்னு சொல்லணும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் வாசலில் திரும்பி நின்று "போயித்து வதேன்" என்பாள். அவளுக்கு அது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. மறுநாள் காலை வந்ததும் "வந்துத்தேன்" என்று எனக்குக் கணக்குச் சொல்லுவாள்.

அவளுக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு நாள் கார்த்திக் மத்தியானமே வந்து நின்றான். கழுத்தில் ஆபீஸ் பேட்ஜ் தொங்கிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டை முடித்துவிட்டார்களாம். காலையில் ஒரு போன், அடுத்த நிமிஷம் லேப்டாப் லாக். "கூட வேலை பாத்தவங்ககிட்ட சொல்லிக்கக்கூட விடல ஆன்ட்டி" என்றான். காபி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூங்குகிற குழந்தையை எழுப்ப மனசில்லாமல் சாயங்காலம் வரை இருந்தான். வேறு வேலை கிடைக்கும் வரை பாதி ஃபீஸ் கொடு போதும் என்று சொல்லி அனுப்பினேன். வேறொரு பேங்கில் வேலை கிடைத்தது. அங்கேயும் கான்ட்ராக்ட்தான்.

அடுத்த வருஷம் தீபாவளி வார நாளில் வந்தது. வழக்கம்போல மூடினேன். அந்த நாளுக்கான ஃபீஸை கார்த்திக் கழித்துவிட்டான். மற்றவர்கள் செய்தபோது பேசாமல் இருந்த நான், அவன் செய்ததும் கேட்டுவிட்டேன். உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டதுதான் காரணம். வாசலிலேயே பேச்சு வளர்ந்துவிட்டது.

"வேலை செஞ்சாத்தான் எனக்குக் காசு ஆன்ட்டி. வருஷக் கடைசியில பேங்க்கே எங்களைக் கட்டாயமா வீட்டுக்கு அனுப்புது. அதுக்கு ஒரு பைசா கிடையாது. எனக்கு யார் தர்றாங்க லீவுச் சம்பளம்?" என்றான்.

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. "ஆனா நான் உன் பேங்க் இல்லையேப்பா" என்றேன். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். டிசம்பரில் அவர்கள் இந்தியா போவதாக இருந்தார்கள். அந்த நாட்களுக்குப் பாதி ஃபீஸ் கொடுத்தால் இடம் பிடித்து வைப்பேன் என்றுதான் ஒப்பந்தத்தில் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. பேசினால் குழந்தையை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் இரண்டு பேருமாக வந்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஸ்வேதா கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம், அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, இரண்டு பேரும் விழுந்து நமஸ்காரம் பண்ணினார்கள். "எங்க ஆதிராவை எப்படிப் பாத்துக்கிட்டீங்க ஆன்ட்டி" என்று ஸ்வேதா கண் கலங்கினாள். சண்டை போட்டதற்கு வருத்தப்படுகிறார்கள் என்று நான் நினைத்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்தேன்.

"போயிட்டு வரோம் ஆன்ட்டி."

"போயித்து வதேன்" என்றாள் ஆதிரா. அந்த வருஷம் இன்னும் பனி விழவில்லை. நீ வந்ததும் பின்பக்கம் ஸ்னோமேன் செய்யலாம், கேரட் மூக்கு நீதான் வைக்கணும், வேற யாரையும் வைக்க விட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரியில் பக்கத்துக் கட்டடத்துத் தெலுங்குத் தம்பதி கைக்குழந்தையோடு வந்து இடம் கேட்டார்கள். இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஊரிலிருந்து திரும்புவதாகச் சொன்ன தேதிக்கு அடுத்த திங்கட்கிழமை வந்தது. ஆதிராவுக்குப் பிடித்த பருப்பு ரசம் வைத்தேன். யாரும் வரவில்லை. விமானம் தாமதமாகியிருக்கும், ஜெட்லாக் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை மனசு கேட்காமல் போன் செய்தேன். ஆதிராவை அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஒரு பிரீஸ்கூலில் சேர்த்துவிட்டார்களாம். இடத்துக்கு அக்டோபரிலேயே சொல்லி வைத்திருந்தார்களாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றேன்.

"சொல்லிக்கிட்டுத்தானே ஆன்ட்டி வந்தோம்?" ஸ்வேதாவின் குரலில் நிஜமான ஆச்சரியம். "தாம்பூலம் வச்சுக் குடுத்து, ரெண்டு பேரும் நமஸ்காரம் பண்ணி... புடவையெல்லாம் சும்மா எடுப்போமா? நோட்டீஸ், லீவு பணம்னு மறுபடி பேச்சு வேண்டாம், நல்லபடியா முடிச்சுக்கலாம்னுதான் அவ்வளவு ஒசத்தியான புடவையா எடுத்தோம்."

"போயிட்டு வரோம்னு சொன்னீங்களேம்மா."

"போறோம்னு எப்படி ஆன்ட்டி சொல்றது?" என்றாள்.

அவள் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பேன். நம் பாஷையில் விடைபெறுகிற முறை எதுவோ அதை ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அந்தப் பட்டுப்புடவைதான் என் நோட்டீஸ். அதை நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆதிராவிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். சின்னக் குழந்தைதானே, மறந்துவிடுவாள் என்றாள். ஃபீஸ் எதுவும் வேண்டாம், ஒரு வாரம், முடியாவிட்டால் ஒரே ஒரு நாள் கொண்டுவந்து விடு, நான் சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். வாய்விட்டுக் கெஞ்சினேன். புது இடத்தில் இப்போதுதான் செட்டில் ஆகிறாள், குழம்பிப் போவாள் என்று ஸ்வேதா சொல்லிவிட்டாள்.

கொக்கிக்கு மேலே ஆதிராவின் போட்டோ அப்படியே இருந்தது. உரிக்க வேண்டியது அவள். நான் எப்படி உரிப்பது? ஆதிரா எங்கே என்று மற்றக் குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். அதற்கும் பலன் வந்து சேர்ந்தது. மார்ச்சில் இன்னொரு குழந்தையின் வீட்டார் இந்தியா கிளம்பினார்கள். ஊருக்குப் போறோம் என்று அம்மா சொன்ன மாத்திரத்தில், அந்தச் சின்னப் பெண் என் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளை என் காலிலிருந்து பிரித்தெடுத்துக் காரில் ஏற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கே எனக்கு இந்தத் தொழில் போதும் என்று ஆகிவிட்டது.

எல்லாப் பெற்றோரையும் உள்ளே கூப்பிட்டேன். முதல் முறையாகக் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்தேன். கடைசி நாள் இன்னது என்று நானே சொன்னேன். "நாலே வாரத்துல நாங்க எங்க ஆன்ட்டி போறது? இப்படித் திடீர்னு சொன்னா எப்படி?" என்று கோபித்துக்கொண்டார்கள். மறுநாளே குழந்தைகளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவரவர் போட்டோவை அவரவர் உரித்துக்கொண்டு போனார்கள். ஆதிராவினுடையதை மட்டும் வீட்டைக் காலி செய்யும்போது கத்தியால் சுரண்டினேன். பாதி முகம் சுவரிலேயே தங்கிவிட்டது. வீட்டு ஓனர் அதன் மேல் வெள்ளை அடித்தார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நூவார்க் அவென்யூவில் ஒரு மளிகைக் கடையில் அவர்களைப் பார்த்தேன். ஆதிரா தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள். கால் இரண்டும் நீளமாகத் தொங்கின. ஸ்வேதா என்னைப் பார்த்ததும் மலர்ந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படி இருக்கீங்க, அங்கிள் எப்படி இருக்கார், வீட்டுக்கு வாங்க என்று உண்மையான பிரியத்தோடுதான் பேசினாள். ஆதிரா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, முகத்தை அரிசி மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு" என்றாள் ஸ்வேதா.

"ஷி வென்ட் டு இந்தியா" என்று ஆதிரா அரிசி மூட்டையிடம் சொன்னாள். "ஷி டிட்'ன்ட் கம் பேக்."

ஸ்வேதாவின் முகம் வெளிறிவிட்டது. என் கையை விட்டாள். "தினமும் கேட்டா ஆன்ட்டி. ஆன்ட்டி எங்க, எப்பப் போலாம்னு. என்ன சொல்றதுன்னே தெரியல" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

ஆக, அந்தக் குழந்தையின் கணக்கில் விட்டுவிட்டுப் போனவள் நான். இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால், உன் அம்மா பொய் சொன்னாள் என்று நாலு வயதுக் குழந்தையிடம் சொன்னதாக ஆகும். முழங்கால் வலியோடு வண்டியைப் பிடித்துக் குனிந்து, அவள் கண்ணுக்கு நேராக வந்தேன்.

"ஆமா கண்ணு. ஆன்ட்டி உங்கிட்ட சொல்லாமப் போயிட்டேன். தப்புதான். இப்ப அந்த வீட்ல டேகேர் இல்ல. நீ இனிமே அங்க வர வேண்டாம். உன் புது ஸ்கூல் நல்ல ஸ்கூல்."

அவள் திரும்பாமலேயே, "ஹூ புட் த நோஸ்?" என்று கேட்டாள்.

"யாரும் வைக்கல. அந்த வருஷம் ஆன்ட்டி ஸ்னோமேனே செய்யல" என்றேன். அது நிஜம்.

வண்டியைப் பிடித்து நிமிர்ந்தேன். வாய் வழக்கமான வார்த்தைக்குத் திறந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"போறேன் கண்ணு" என்றேன்.

ஸ்வேதா பதறிப்போனாள். "ஐயோ, போறேன்னு சொல்லாதீங்க ஆன்ட்டி. நல்ல நாளும் அதுவுமா. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. ஆதிரா இப்போதுதான் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தாள்.

"ஓகே" என்றாள். "பை ஆன்ட்டி."